தனி ஆள் பிரிவு

என் தங்கை வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில், ரொட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய் டீ குடிக்கலாம் என்று நான் போனால் பால் திரிந்து கிடக்கிறது. ஊர் தூங்கும்போது எழுந்து கடை கடையாக ரொட்டி இறக்கிவிட்டு வருகிறவனுக்கு டீ இல்லை. கேட்டால் போட்டியாம். ரேடியோ போட்டி.

"கடுங்காப்பி தரட்டுமா அண்ணே?" என்றாள் தங்கை.

"விஷம் இருந்தாலும் கொடு. சூடா இருந்தா சரி."

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பாள்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் ஓர் இரும்புக் கம்பத்துக்கும் நடுவே கம்பி கட்டியிருக்கிறார். அதில் துணி காயப்போட்டால் கொலை விழும். அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கோ இவரைப் போலவே வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேசுவார். அதையாவது ஒத்துக்கொள்ளலாம். நாலு வார்த்தை நல்லதாகப் பேசிக்கொள்கிறார்கள், போகட்டும்.

போட்டி என்று வந்துவிட்டால் அந்த நாலு வார்த்தையும் கிடையாது. ஒரு பகல், ஓர் இரவு. அதற்குள் எத்தனை நாட்டில் எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. இவர் தன் அடையாள எழுத்துகளைச் சொல்லிக் கூவுவார். ஒருத்தன் பதில் சொல்வான். "ஐம்பத்தொன்பது, உன் வரிசை எண் என்ன, என்னுடையது இது, நன்றி, அடுத்த ஆள்." அவ்வளவுதான். அந்தப் பக்கம் மழையா வெயிலா என்றுகூட விசாரிப்பதில்லை. ஐம்பத்தொன்பது என்றால் 'உன் குரல் பிரமாதமாகக் கேட்கிறது' என்று அர்த்தமாம். போட்டியில் எல்லோரும் எல்லோருக்கும் அதையேதான் சொல்வார்கள். 'உன் குரல் பிரமாதமாகக் கேட்கிறது, நீ யாரென்று இன்னும் நாலு தடவை சொல்' என்பான். இந்தக் கூத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அதற்கு எதற்கு ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும் என்றால், இரைச்சல். ஒரு வருஷமாக மாப்பிள்ளைக்கு இரைச்சல் பைத்தியம் பிடித்திருந்தது. போன வருஷப் போட்டியில் எக்கச்சக்கமாக மார்க் போய்விட்டது. அவர் பிடித்ததாக எழுதியதில் பாதி தப்பு என்று முடிவு வந்தது. ஏதோ ஒரு சாமான் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது, அதனால்தான் என்றார். அன்றிலிருந்து வேட்டை. போன் சார்ஜரைப் பிடுங்கினார். எல்லா பல்பையும் கழற்றிப் பழைய குண்டு பல்பாக மாட்டினார். தங்கை வீட்டிலேயே பள்ளிக்கூடப் பை தைத்துக் கொடுக்கிறவள். அவளுடைய தையல் மெஷின் மோட்டாரைச் சந்தேகப்பட்டார். பக்கத்துப் போர்ஷனில் இருக்கிற என் வீட்டு மிக்சியைச் சந்தேகப்பட்டார். நான் குறட்டை விடுவதையே சந்தேகப்பட்டிருப்பார், கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் முழுத் தெருவையும் அமைதியாக்குவது என்று முடிவாகி, அந்தப் பிச்சையெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எதிர்வீட்டு மீன்தொட்டிக்காரர், "காத்து மோட்டார நிறுத்தினா என் மீன் செத்துடும். உங்க மாப்பிள்ளை வந்து உசிர் கொடுப்பாரா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடைசியில் மீன்களைப் பெரிய அண்டாவில் விட்டு, நானே குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காட்டி, அவர் மனசு இரங்கி மோட்டாரை நிறுத்தினார். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன் மீனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தங்கை சிரிக்காததற்குக் காரணம் பால் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. பல்லி.

பல்லி என்பது மாப்பிள்ளையோடு ஜோடியாக வேலை பார்க்கிறவனின் பட்டப்பெயர். லிஃப்ட் ஓடுகிற அந்தச் செங்குத்துக் குழியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஏறுவான். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் இரண்டு பேரும் வேலை செய்திருக்கிறார்கள். பல்லி கீழே குழியில். மாப்பிள்ளை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, அதை மெதுவாகக் கீழே இறக்கியிருக்கிறார். பல்லி ஸ்பிரிங்கைப் பார்ப்பதற்காக, நிறுத்துகிற பட்டன் கைக்கு எட்டாத மூலைக்குப் போயிருக்கிறான். பெட்டி வருகிறது. அவன் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியிருக்கிறான். பெட்டி நிற்கவில்லை. அவன் மூலையில் குப்புற விழுந்து உயிர் தப்பினான். ஒரு கை உடைந்துவிட்டது, இரண்டு இடத்தில் முறிவு.

பல்லி கத்தினேன் என்கிறான். மாப்பிள்ளை, அவன் கத்தவே இல்லை என்கிறார். குழியில் இறங்கியவன் குரல் கொடுக்காமல் இருந்தால் அது அவன் தப்பு, வேலை போகும். கம்பெனி விசாரணை திங்கட்கிழமை. மாப்பிள்ளை சொல்வதுதான் சாட்சி. வேறு யாரும் அங்கே இல்லை.

"அவரு பொய் சொன்னா எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல அண்ணே" என்றாள் தங்கை, கடுங்காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு. "திட்டித் திருத்திடலாம். அவரு பொய் சொல்லல. கத்தலன்னு நிஜமாவே நம்புறாரு."

"பல்லி பொய் சொல்றானோ என்னவோ."

"பல்லி பொய் சொல்லுவாரு. லீவு வேணும்னா மாமியாரச் சாகடிப்பாரு. இதுல சொல்ல மாட்டாரு. கையோட போச்சுன்னு எங்கிட்ட அழுதாரு அண்ணே. 'ரெண்டு தடவ கத்தினேன் அண்ணி, மேல இருந்தவரு காதுல விழல, அவருக்குக் காது போச்சு அண்ணி'ன்னு சொன்னாரு."

"நீ கேட்டியா மாப்ளைகிட்ட?"

"கேக்காம இருப்பேனா? கேட்டதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா?"

தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருக்கிறேன். அந்தச் சண்டை எனக்கு வரி வரியாகக் கேட்டது. 'உலகத்தோட மறுகோடில ஒருத்தன் முணுமுணுத்தா எனக்குக் கேக்குது. இருபதடி கீழ கத்தினவன் கொரல் கேக்காதா? எனக்கா காது போச்சு? யார்கிட்ட சொல்ற?' என்று கேட்டார். கேட்பதற்கு ரொம்ப நியாயமாக இருந்தது. நானே ஒரு நிமிஷம் பல்லிமேல் கோபப்பட்டேன்.

"காது டாக்டர்கிட்ட போவோம்னு சொன்னேன்" என்றாள் அவள். "போட்டி வரட்டும், இரைச்சல் எல்லாத்தையும் நிறுத்திட்டு உக்காந்து காட்டறேன், அதுக்கு மேல டாக்டர் என்ன டாக்டர்னு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். அதுக்குத்தான் தச்சிட்டிருந்த பையெல்லாம் அப்படியே போட்டுட்டு உக்காந்திருக்கேன். இவரு ஜெயிச்சா பல்லிக்கு வேல போச்சு. தோத்தா இவருக்கே போனாலும் போகும். காது கேக்காதவர யாரு லிஃப்டுமேல ஏத்துவாங்க?"

"நீ எது வேணும்னு நினைக்கிற?"

"எனக்கு ஒரு எழவும் வேணாம். எனக்கு ஃபிரிட்ஜப் போடணும்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரேடியோ அறை என்பது அவர்கள் படுக்கையறையில் ஒரு மூலை. மேசைமேல் ரேடியோ, ஒலிவாங்கி, பேட்டரியில் ஓடுகிற மடிக்கணினி. வீட்டு மெயின் ஸ்விட்சையே இறக்கிவிட்டிருந்தார், ரேடியோவும் பெரிய பேட்டரி ஒன்றில்தான் ஓடியது. காலடியில் ஒரு மிதிபலகை, அதை அழுத்தினால் இவர் பேசுவது போகும், விட்டால் அடுத்தவன் பேசுவது வரும். தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்ஃபோன் இரண்டு இருந்தன. இரண்டுமே கோளாறு, போட்டால் ஊய் என்று கத்துகிறது என்று ஒதுக்கிவைத்துவிட்டு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். முழு சத்தத்தில். ஃபேன் இல்லை. ஜன்னலைச் சாத்தியிருந்தார். புழுக்கத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மச்சான், உக்காருங்க. ஆனா ஒண்ணு. வாயத் தொறக்கக் கூடாது."

"கொட்டாவி விடலாமா?"

"விளையாடாதீங்க. நான் தனி ஆள் பிரிவுல இருக்கேன். தேடறது, கேக்கறது, பேசறது, எழுதறது எல்லாம் ஒரே ஆளு. சாப்பாடு கொடுக்கலாம், விசிறி விடலாம். அந்தா ஒருத்தன் கூப்பிடறான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாகூட நான் அந்தப் பிரிவுல இருக்க முடியாது."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார்.

இந்த ஆளிடம் இதுதான் தொல்லை. நடுராத்திரி யாருமே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர். கம்பெனியில் அத்தனை பேருக்கும் அது தெரியும். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எழுதிக்கொள்வார்கள். பல்லியின் வாயில் மண் விழப்போவது இவருடைய நேர்மையால்தான் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

முதலில் நன்றாகத்தான் போனது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லாம் தொண்டை கிழிகிற சத்தத்தில் வந்தார்கள். இவர் கூவுவார், அவன் வருவான், ஐம்பத்தொன்பது, எண், நன்றி. விரல் தட்டிக்கொண்டே இருந்தது. தங்கை அவித்த முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள், ஒரு கையால் வாயில் திணித்துக்கொண்டே இன்னொரு கையால் எழுதினார். முகத்தில் ஒரு தெளிச்சி. திரும்பி அவளைப் பார்த்து, "கேட்டியா?" என்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்து பையின் வாரை ஊசியால் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

உச்சி சாய்ந்ததும் அந்தப் பெரிய குரல்கள் ஓய்ந்துவிட்டன. இனிமேல்தான் தூரத்து ஆட்கள் வருவார்கள் என்றார். வந்தார்கள். அதுதான் பிரச்சினை. எனக்குக் கேட்டது.

ஸ்பீக்கரில் சோவென்று மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளே மெல்லிசாக ஒரு குரல். மூக்கால் பேசுகிற குரல், ஆனால் தெளிவாக, எழுத்தெழுத்தாகத் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பேசாமல் இருந்தார். அவன் சொல்லி முடித்தான். மாப்பிள்ளை மிதிபலகையை அழுத்தி மறுபடியும் முதலிலிருந்து கூவினார், யாருமே வராத மாதிரி. அவன் திரும்பச் சொன்னான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் குறுக்கே கூவினார்.

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் ஊசியை அப்படியே நிறுத்தியிருந்தாள்.

அவன் போய்விட்டான். இன்னொருத்தன் வந்தான், ஒரு பெண் குரல் வந்தது, கிழவர் ஒருத்தர் இருமிக்கொண்டே வந்தார். எல்லோரும் கடை வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைக்காரர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, வாங்க வாங்க என்று தெருவைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கடைசியில் ஒருத்தன் பொறுமை போய், ஏதோ நாட்டு உச்சரிப்பு இங்கிலீஷில், முதலை, முதலை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனான்.

தங்கையின் காதில் மெதுவாகக் கேட்டேன், அது என்ன என்று.

"வாய் பெருசு, காது இல்லன்னு அர்த்தம்" என்றாள். "இவங்களுக்குள்ள அப்படித் திட்டிக்குவாங்க."

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அலைவரிசை செத்துக் கிடக்குது. ஒரு ஈ காக்கா இல்ல. இரைச்சல் மட்டும் பாரு, அப்படியே இருக்குது" என்றார்.

ரேடியோவில் ஒரு முள் இருக்கிறது. இரைச்சல் எவ்வளவு என்று காட்டுவது. அது இடது கோடியில் படுத்துக் கிடந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

"மீட்டர் ரிப்பேர்" என்றார்.

மறுபடியும் ஒரு குரல் வந்தது. சின்னப் பையன் மாதிரியான குரல். ரொம்ப தூரம், எங்கேயோ கடலுக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவின் எழுத்துகள் என்று பிற்பாடு தெரிந்தது. அப்படிப்பட்ட ஊர் ஒன்று கிடைத்தால் பத்துப் பேரைப் பிடித்ததற்குச் சமமாம். அவன் ஒரு தடவை சொன்னான். இவர் கூவினார். அவன் காத்திருந்து பொறுமையாக இன்னொரு தடவை சொன்னான். இவர் கூவினார். அவன் விடுகிறதாக இல்லை. அழுதுவிடுவான் போலக் கெஞ்சிக்கொண்டே மூன்றாவது தடவை சொன்னான்.

தங்கை பையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, அவன் சொன்ன எழுத்துகளை அப்படியே உரக்கச் சொன்னாள்.

மாப்பிள்ளையின் கால் தன்னால் மிதிபலகையில் விழுந்தது. அத்தனை வருஷப் பழக்கம். அவள் சொன்ன எழுத்துகளைச் சொல்லி, ஐம்பத்தொன்பது, என் எண் இது என்றார். காலை எடுத்தார். அந்தப் பையன் சந்தோஷத்தில் கிறீச்சிட்டுத் தன் எண்ணைச் சொன்னான். மாப்பிள்ளை ஸ்பீக்கரைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். அவள் எண்ணைச் சொன்னாள். தட்டினார். நன்றி என்றார். எல்லாம் ஒரு மூச்சில் நடந்துவிட்டது.

பிறகுதான் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்ன காரியம் பண்ணிட்ட?"

"எத்தன தடவதான் கூப்பிடுவான் அவன்? பாவமா இல்லையா?"

"நான் தனி ஆளுன்னு சொன்னேனா இல்லையா? காலைலேருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? எல்லாம் போச்சு. ஒரு வருஷம். ஒரு வருஷமா கம்பி மாத்தி, பல்பு மாத்தி, ஊர்க்கால்ல எல்லாம் விழுந்து..."

"ஊர்க்கால்ல விழுந்தது நான்" என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்கிற சட்டம்தான் போய்விட்டதே.

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

"ஏன் சும்மா இருக்கணும்? ஒரே ஒரு ஆளு. அந்த ஒருத்தன மட்டும் அழிச்சிடுங்க. மத்ததெல்லாம் நீங்களே பிடிச்சதுதான. தீந்துது விஷயம்."

அவர் என்னை ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டவன் மாதிரி பார்த்தார். "அழிக்கறதா? எப்படி மச்சான் அழிக்க முடியும்? அந்தப் பையன் அங்க எங்கூட பேசினதா எழுதியிருப்பான். போட்டி முடிஞ்சதும் ரெண்டு பேரு எழுதினதையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. நான் எழுதலன்னா அவன் பேசவே இல்லன்னு ஆயிடும். அவனுக்கு மார்க்கு போறது மட்டும் இல்ல, இல்லாதத எழுதினான்னு தண்டனை வேற. அவன் நிஜமாத்தான் கூப்பிட்டான். என் பிரிவக் காப்பாத்தறதுக்காக அவனப் பொய்யனாக்கணுமா?"

தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ பல்லி?" என்றாள்.

"அது வேற இது வேற."

"எப்படி வேற?"

"பல்லி கத்தல."

"இந்தப் பையன் கத்தினானே. உங்களுக்குக் கேட்டுதா?"

"இரைச்சல்டி" என்று அவர் மேசையை அடித்தார். மடிக்கணினி குதித்தது. அவர் அவளை 'டி' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. "இந்த இரைச்சல்ல எவனுக்குக் கேக்கும்? ஊய்னு காதக் கிழிக்குதே, உங்க ரெண்டு பேருக்கும் கேக்கலையா? தெருவுல எவனோ ஏமாத்தறான். மீன்காரன் மோட்டாரப் போட்டிருப்பான். இருங்க, கண்டுபிடிக்கறேன். கண்டுபிடிச்சுக் காட்டறேன்."

இரைச்சலைத் தேடுவதற்கு இவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுதான் திருடன். மெயின் ஸ்விட்ச் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அவர் மடிக்கணினியை மூடினார். எங்கள் போன்களை வாங்கி அணைத்தார். சுவர்க் கடிகாரத்தை இறக்கி அதிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினார். தங்கை அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் இருக்குது" என்றார்.

அப்புறம் ரேடியோவின் பின்பக்கம் கையை விட்டு, மாடிக் கம்பியிலிருந்து வருகிற கேபிளைத் திருகிக் கழற்றினார். ஸ்பீக்கரில் அந்த மழைச் சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது. எங்களுக்கு அடங்கிவிட்டது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

"பாத்தீங்களா மச்சான். கம்பியே இல்ல. ஆனாலும் சத்தம் இருக்குது. அப்படின்னா என்ன அர்த்தம்? வெளில இல்ல. இந்த ரேடியோவுக்குள்ளயேதான் கோளாறு. ஒரு வருஷமா ஊரெல்லாம் தேடினேன், திருட்டுப் பய இங்கதான் உக்காந்திருக்கான். மூடியக் கழட்டி உள்ள பாத்தா தெரிஞ்சிடும்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மூடியைத் திறப்பதற்கு முன்னால் ரேடியோவை அணைத்தாக வேண்டும், அது பால பாடம். பட்டனை அழுத்தினார். விளக்கு போனது. முள் விழுந்தது.

அறையில் எதுவும் ஓடவில்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. மோட்டார் இல்லை, ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, கடிகாரம்கூட இல்லை. எப்போதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற வீடு அது. அவர் வேலை செய்கிற இடமும் அப்படித்தான்.

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு நின்றார். ரேடியோவைப் பார்த்தார். பட்டனை மறுபடியும் தொட்டுப் பார்த்தார், அணைந்துதான் இருக்கிறதா என்று. பேட்டரிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் காதை ரேடியோமேலேயே வைத்தார். நிமிர்ந்தார்.

"மச்சான், உங்களுக்குக் கேக்குதா?"

"என்ன மாப்ள?"

"ஊய்னு."

நான் தங்கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஒரு விரலால் இடது காதைப் பொத்தினார். எடுத்தார். வலது காதைப் பொத்தினார். இரண்டையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பள்ளிக்கூடத்தில் தண்டனை கொடுத்து நிற்கவைத்த பையன் மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

கையை எடுத்தபோது கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்வளவு பேரு வந்தாங்க?" என்று தங்கையிடம் கேட்டார்.

"எப்போ?"

"மத்தியானத்துக்கு மேல. எவ்வளவு பேரு கூப்பிட்டாங்க?"

"எண்ணலைங்க."

"நெறையவா?"

"நெறைய."

தங்கை பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

"கத்தியிருக்கான்" என்றார் கடைசியில். "அப்போ அவன் கத்தியிருக்கான்."

ரேடியோவை மறுபடி போடவில்லை. போட்டிக்கு இன்னும் ஒரு சாயங்காலமும் ஓர் இரவும் மிச்சம் இருந்தன. அவர் எழுந்து சட்டையை மாட்டினார், பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு. தங்கை அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றார். என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

பல்லியின் வீடு இரண்டு தெரு தள்ளி. மீன்தொட்டிக்காரர் வாசலில் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மோட்டாரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "ஜெயிச்சாச்சா?" என்றார். மீனைப் பாருங்கள் என்றுவிட்டு நடந்தேன்.

கதவைத் திறந்தது பல்லிதான். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்தில் தொங்கியது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது. உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு, முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, அடித்தொண்டையில் பேச ஆரம்பித்தான். கூட வேலை செய்தவனைக் கொல்லப் பார்த்துவிட்டு நலம் விசாரிக்கவும் வருகிறாயா என்றான். இன்னும் சில வார்த்தைகள் சொன்னான், அவற்றை நான் எழுத மாட்டேன். சுவரில் எறும்பு ஊர்கிற சத்தம் மாதிரி அவ்வளவு மெதுவாக, நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனான். எனக்கு ஒவ்வொன்றும் கேட்டது.

மாப்பிள்ளை அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் திரும்பியிருந்ததால் உதடும் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் என்னப் பாத்துப் பேசுடா" என்றார். "எனக்குக் காது கேக்கல."

பல்லி நிறுத்தினான். என்னைப் பார்த்தான், ஏதோ சூழ்ச்சியா என்று. நான் இல்லை என்று கையை விரித்தேன்.

"என்ன சொன்ன?"

"காது கேக்கல. இப்போதான் தெரிஞ்சுது. ஒரு மணி நேரம்கூட ஆகல. நீ கத்தினது எனக்குக் கேக்கலடா. கத்தலன்னு நெனச்சுட்டேன்."

பல்லியின் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினான். ஏதாவது பெரிதாகச் சொல்வான் என்று நினைத்தேன், அடிக்கக்கூட அடிப்பான் என்று நினைத்து நடுவில் புகத் தயாராக நின்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தன் மாவுக்கட்டைப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டான். உள்ளே சமையலறையில் இருந்த அவன் பெண்டாட்டிக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு சின்னக் குரல்.

மாப்பிள்ளை காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்குறான் மச்சான்?"

"திங்கக்கெழம இத அங்க வந்து சொல்லுவியான்னு கேக்குறான்" என்று நான் உரக்கச் சொன்னேன்.

"சொல்றேன்னு சொல்லுங்க" என்றார்.